பார்வையாளர் இருக்கையும் வாக்காளர் வரிசையும்



தமிழக முஸ்லிம்களுக்கு அரசியலில் ஈடுபாடு இல்லை என்று யாரேனும் சொன்னால், அவரை ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பிறகு எங்கள் சிம்மக்கல்லுக்கு அழைத்துவர வேண்டும். தேநீர்க் கடை வாசலில் பத்து நிமிடம் காதுகொடுத்து நின்றால் போதும். எந்தக் கட்சி யாரோடு சேரும், எந்தத் தொகுதி யாருக்குக் கிடைக்கும், சென்ற முறை யார் எத்தனை வாக்கில் தோற்றார் என்பதையெல்லாம் ஒப்பிக்கும் பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். முந்தைய நாள் தொலைக்காட்சி விவாதத்தில் யார் யாரை மடக்கினார் என்று நடித்துக் காட்டும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அத்தனையும் பேசி முடித்து, கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்து எழும்போது, "வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கான்னு பார்த்தீங்களா பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "பார்க்கணும்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

இந்த ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். 2025 இறுதியில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன. பட்டியலைப் பார்க்கவேண்டிய காலம் அதைவிடக் குறைவாக இருந்தது.

2011ஆம் ஆண்டின் சட்டமன்றத் தேர்தலில் தமிழக வாக்காளர்களில் நூற்றுக்கு 78 பேர் வாக்களித்தனர். 2016இல் அது 75க்குச் சற்றுக் கீழே இறங்கியது. 2021இல் 74ஐயும் எட்டவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் மாநிலம் முழுவதும் சேர்த்து நூற்றுக்குச் சுமார் 70 பேர் வந்தார்கள். எங்கள் மதுரைத் தொகுதியில் சுமார் 62 பேர்தான். அதாவது இந்த ஊரில் பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இவை சமயம் பார்த்துப் பிரித்த கணக்குகள் அல்ல. நம்மவர் எத்தனை பேர் என்று இதில் தேடவேண்டியதும் இல்லை. ஊரின் குறையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டால் போதும்.

வாக்குச்சாவடிக்கு வரமுடியாதபடி மதுரைக்காரர்களுக்கு அப்படி என்ன தடை? 2019 ஏப்ரல் 18ஆம் நாளை நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு மீனாட்சியம்மன் கோயில் சித்திரைத் தேரோட்டம். மறுநாள் அழகர் வைகையில் இறங்கும் நாள். நகரமே வெளியூர்க் கூட்டத்தால் நிரம்பி வழிந்தது. அதே நாளில்தான் மக்களவைத் தேர்தலும். மதுரைத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவை இரவு 8 மணிவரை நீட்டித்தார்கள். வடம் பிடித்த கையோடு வந்து வாக்களித்தவர்கள் உண்டு. அந்த நெரிசலிலும் நூற்றுக்குச் சுமார் 66 பேர் வாக்களித்தனர். ஐந்தாண்டு கழித்து, தேரோட்டம் இல்லாத ஒரு நாளில், எண்ணிக்கை கூடவில்லை; குறைந்தது. 2024 ஏப்ரல் 19 ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவைக் காரணம் காட்டியவர்களும் இருந்தார்கள். காலை ஏழு மணிக்கே வாக்களித்துவிட்டு, குளித்து, நறுமணம் பூசி, பள்ளிக்கு முந்திப் போய் அமர்ந்தவர்களும் அதே தெருவில் இருந்தார்கள்.

ஆகவே நேரமின்மையோ கூட்டமோ உண்மையான காரணமாக எனக்குத் தோன்றவில்லை. அக்கறையின்மை என்ற சொல்லும் முழுவதாகப் பொருந்தவில்லை. அக்கறையற்றவன் தேநீர் ஆறும்வரை கூட்டணிக் கணக்குப் போடுவானா? அரசியலைப் பார்ப்பதிலும் பேசுவதிலும் நமக்கு மிகுந்த சுவை இருக்கிறது. பார்த்ததையே பங்கெடுத்ததாக எண்ணிக்கொள்ளும் பழக்கமும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாக்கியது ஒரு விளையாட்டுத் திடல்.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓர் இரவு

இளையோருக்கான ஆடவர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகள் பங்கேற்றன. இதற்கென்றே ரேஸ்கோர்ஸ் மைதான வளாகத்தில் நீல நிறச் செயற்கைப் புல்தரையோடு புதிய ஹாக்கித் திடல் எழுந்தது. டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை, இந்தியா சுவிட்சர்லாந்தோடு மதுரையில் ஆடியது. சீட்டு இலவசம், இணையத்தில் பெயரைப் பதிந்து பெற்றுக்கொள்ள வேண்டும். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகன் எங்கள் இருவருக்கும் கைப்பேசியிலேயே அதை முடித்துவிட்டான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மஃரிபு தொழுதுவிட்டு இரு சக்கர வண்டியில் புறப்பட்டோம். ஏ.வி. பாலத்தைக் கடந்து, கோரிப்பாளையத்தில் மேம்பால வேலைக்கிடையே ஊர்ந்து, தர்காவுக்கு ஸலாம் சொல்லி, தல்லாகுளம் வழியே போய்ச் சேர்ந்தோம். கிரிக்கெட்டை மட்டுமே கண்ட தலைமுறை என் மகனுடையது. ஹாக்கியின் வேகம் அவனைத் திகைக்க வைத்தது. பதினைந்து பதினைந்து நிமிடமாக நான்கு பகுதிகள். மூச்சு விடுவதற்குள் பந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடுகிறது. அப்போது இந்தியப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் ஸ்ரீஜேஷ். ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்ற அணிகளின் கோல்காப்பாளர் என்று அவனுக்குச் சொன்னேன். அன்று இந்தியா ஐந்து கோல் போட்டது. சுவிட்சர்லாந்து ஒன்றும் போடவில்லை.

எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். ஆட்டம் முழுவதும் அவர்தான் பயிற்சியாளர். "இடப்பக்கம் கொடு", "அவனை விடாதே", "அடி, அடி" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். விவரம் தெரிந்தவர், அவர் சொன்னதில் பாதி சரியாகவும் இருந்தது. என் மகன் சிரித்துக்கொண்டே என் காதருகில் சொன்னான்: "அவரு சொல்றது அங்க யாருக்குமே கேக்காது அத்தா."

உண்மைதான். அந்தப் பெரியவருக்கு இருந்த ஹாக்கி அறிவு சிறிதன்று. ஆனால் களத்தில் மட்டை பிடித்திருந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் தவறாக அடித்த அடிகூட எண்ணிக்கைப் பலகையை மாற்றும் வாய்ப்பைப் பெற்றிருந்தது. இவருடைய சரியான யோசனைக்கு அந்த வாய்ப்பு இல்லை. விளையாட்டில் அது நியாயம். பார்வையாளனுக்கும் ஆட்டக்காரனுக்கும் நடுவே வேலி இருக்கத்தான் வேண்டும். தேர்தலில் அந்த வேலியே கிடையாது. பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவர் கையிலும் மட்டையைக் கொடுத்துக் களத்துக்கு வா என்கிறார்கள். நாமோ அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வேலிக்கு வெளியே இடம்பிடித்துக் கத்திக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் அந்த நாட்களில் என் மனத்தில் பதிந்தது. பாகிஸ்தான் விலகிக்கொண்டதால் அதன் இடத்துக்கு ஓமான் அணி வந்திருந்தது. நவம்பர் 29 அன்று சென்னையில் இந்தியாவிடம் 17 கோல் வாங்கியது, ஒன்றும் போடவில்லை. பத்துக் கோல் விழுந்த பிறகு எந்த அணிக்குத்தான் ஆட மனம் வரும்? அந்தப் பிள்ளைகள் கடைசி ஒலி கேட்கும்வரை களத்திலேயே இருந்தார்கள். வெல்லமாட்டோம் என்று தெரிவது வேறு. ஆடாமல் போவது வேறு. "நாம எங்க ஜெயிக்கப்போறோம்" என்பதையே காரணமாக்கி வாக்குச்சாவடிப் பக்கம் போகாத நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"என் பேரைச் சத்தமாக் கூப்புடுற இடம்"

திரும்பி வரும் வழியில் மகனிடம் ஆறாம் எண் படிவத்தைப் பற்றிக் கேட்டேன். புதிய வாக்காளராகச் சேர அதைத்தான் நிரப்பவேண்டும். ஆகஸ்டில் அவனுக்குப் பதினெட்டு நிறைந்திருந்தது. "யாரு வந்தாலும் நம்ம தெரு அப்புடியேதான் இருக்கும் அத்தா. நான் ஒருத்தன் போடாட்டி என்ன ஆயிரும்?" என்றான். வண்டியை ஓட்டிக்கொண்டே விடை சொல்லக்கூடிய கேள்வியாக அது இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் தாயாரிடம் அவனை உட்காரவைத்து, அதே கேள்வியைக் கேட்கச் சொன்னேன்.

அம்மாவுக்கு வயது 74. பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. 1977 தொடங்கி, உடல்நலம் இடங்கொடுத்த எந்தத் தேர்தலையும் அவர் விட்டதில்லை. பேரனின் கேள்விக்கு அவர் கட்சியையும் சொல்லவில்லை, கடமையையும் சொல்லவில்லை. "பொறந்ததுல இருந்து இன்னாரு மக. நிக்காஹ் முடிஞ்சதும் இன்னாரு பொஞ்சாதி. இப்ப உங்க அத்தாவோட அம்மா. ஓட்டுப் போடப் போனா மட்டுந்தான் ஒரு ஆபீசரு என் பேரைச் சத்தமாக் கூப்புடுவாரு. அங்க இருக்கிற அத்தனை பேரும் அதைக் கேப்பாக. அந்த ஒரு நிமிசம் நான் நானு. அதை எதுக்குடா விடச் சொல்லுற?" என்றார்.

வாக்குச்சாவடியில் முதல் அலுவலர் வாக்காளரின் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்க வாசிப்பார். முகவர்கள் தம் பட்டியலில் சரிபார்த்துக்கொள்வதற்கான நடைமுறை அது. நான் எத்தனையோ முறை அதைக் கேட்டிருக்கிறேன். ஒரு மூதாட்டிக்கு அது என்ன பொருள் தருகிறது என்று அன்றுதான் அறிந்தேன்.

இதன் பின்னே ஒரு வரலாறும் இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்காக வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, தம் பெயரை அந்நியரிடம் சொல்லக் கூசி, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே எழுதிக்கொடுத்த பெண்கள் ஏராளம். வட மாநிலங்களில்தான் இது மிகுதி. பெயரில்லாமல் வாக்காளர் இல்லை என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். முடிவில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம் இழந்தனர். ஒரு பெயரைச் சொல்லாததன் விலை அது.

நாங்கள் அன்று பார்த்த ஆட்டத்தில் எதிரணியாக வந்த சுவிட்சர்லாந்தை எடுத்துக்கொள்வோம். மக்களாட்சிக்கு முன்னுதாரணமாகப் பாடநூல்கள் காட்டும் நாடு. அங்கே பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான். ஆண்கள் மட்டுமே பங்கெடுத்த வாக்கெடுப்பில், ஆண்கள் சம்மதித்த பிறகே அது கிடைத்தது. நம் நாட்டில் 1951-52இல் நடந்த முதல் தேர்தலிலேயே ஆணும் பெண்ணும் சமமாக வரிசையில் நின்றார்கள். சென்னை மாகாணச் சட்டமன்றமோ 1921லேயே, சொத்துத் தகுதிக்கு உட்பட்டேனும், பெண்களின் வாக்குரிமையை ஏற்றுக்கொண்டது. இவ்வளவு காத்திருந்து உரிமை பெற்ற சுவிட்சர்லாந்திலும் இன்று பொதுத்தேர்தலில் பாதிப் பேருக்கு மேல் வாக்களிக்க வருவதில்லை. கையில் உள்ள உரிமையின் மதிப்பை மறப்பது எந்த நாட்டுக்கும் தனிச் சொத்தன்று.

மகன் மறுநாளே படிவத்தை நிரப்பினான். பாட்டியின் பேச்சு அவனை முழுவதும் மாற்றிவிட்டது என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். "நம்ம தெரு அப்படியேதான் இருக்கும்" என்பதில் அவன் இன்னும் உறுதியாக இருக்கிறான். அதைத் தட்டிக்கேட்கவாவது பட்டியலில் பெயர் வேண்டுமே என்பதை ஏற்றுக்கொண்டான். எனக்கு அது போதும்.

பெயர் இருக்கிறதா?

இந்தச் செய்தியை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தேர்தல் ஆணையம் 2025 நவம்பர் 4 முதல் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை நடத்தியது. வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவம் தரப்பட்டது. திரும்பப் பெறும் கெடு இருமுறை நீட்டிக்கப்பட்டு டிசம்பர் 14இல் முடிந்தது. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளியாயிற்று. முன்பு 6 கோடியே 41 லட்சம் பெயர்கள் இருந்த இடத்தில் அந்த வரைவில் 5 கோடியே 43 லட்சம். ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் அதில் இருக்கவில்லை.

இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், முகவரியில் காணப்படாதவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் என்று இதற்குக் காரணம் சொல்லப்பட்டது. இவற்றில் பலவும் நியாயமான நீக்கங்களாக இருக்கும். இறந்தவரின் பெயர் பட்டியலில் இருக்கவேண்டிய தேவை இல்லை. ஆனால் "குடிபெயர்ந்தவர்" என்ற ஒரு சொல்லுக்குள் உயிரோடு இருக்கிற, வாக்களிக்க விரும்புகிற எத்தனையோ பேர் அடங்குவர். வாடகை வீடு மாறியவர்கள், மகள் வீட்டோடு போய்விட்ட விதவைத் தாய்மார்கள், திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போனவர்கள். இவர்கள் தாமாக முன்வந்து சொன்னாலன்றி மீண்டும் சேரமாட்டார்கள்.

நம் சமுதாயத்துக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. நம் பெயர்கள் தமிழில் எழுதப்படும் விதம் ஒன்றிரண்டு அல்ல. முகமது, முகம்மது, முஹம்மத் மூன்றும் ஒருவரே. குடும்ப அட்டையில் பீவி. வாக்காளர் அட்டையில் பேகம். ஆதாரில் வெறும் முதற்பெயர். என் தாயாரின் பெயரே மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கிறது. வரைவுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஒரு எழுத்து மாறியிருப்பதைத் திருத்த எட்டாம் எண் படிவம் கொடுத்திருக்கிறோம். தம் பெயர் உரக்க வாசிக்கப்படும்போது அது சரியாக வாசிக்கப்படவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார்.

தீனின் பார்வையில்

வாக்களிப்பது நம் மார்க்கத்துக்கு ஒத்ததா என்று சில இளைஞர்கள் தயங்குவதை அறிவேன். கைப்பேசியில் வரும் ஏதோ ஒரு காணொளி இந்தத் தயக்கத்தை விதைத்துவிடுகிறது. நான் ஆலிம் அல்லன். ஆலிம்கள் சொன்னதைத்தான் எடுத்துச்சொல்ல முடியும். 'மஆரிஃபுல் குர்ஆன்' விரிவுரையைத் தந்த முஃப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) அவர்கள் வாக்கை மூன்று வகையில் விளக்கினார்கள். அது ஒரு சாட்சியம்: இந்த மனிதர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நாம் சான்று கூறுகிறோம். அது ஒரு பரிந்துரை: அவரை அந்த இடத்தில் அமர்த்துங்கள் என்கிறோம். அது ஒரு வகாலத்: நம் சார்பில் பேச அவரை நியமிக்கிறோம். சாட்சியத்தை மறைப்பதை அல்பகரா அத்தியாயம் பாவமெனக் கண்டிப்பதை நாமெல்லாரும் ஓதியிருக்கிறோம். சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட நாளில் வீட்டில் படுத்து உறங்குவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து இரண்டு நிகழ்வுகளை நினைவூட்டுகிறேன். இரண்டாம் அகபா உடன்படிக்கையில் மதீனாவிலிருந்து வந்த 73 ஆண்களோடு இரண்டு பெண்களும் பைஅத் செய்தார்கள். அண்ணலார் அம்மக்களிடமே, உங்களுக்குள் பன்னிரண்டு பொறுப்பாளர்களைத் தெரிந்தெடுத்துத் தாருங்கள் என்று ஒப்படைத்தார்கள். தாமே ஆட்களை நியமித்திருக்க முடியாதா? மக்கள் தெரிவு செய்யவேண்டும் என்பதே அங்கு கற்பிக்கப்பட்டது. மற்றொன்று, நுபுவ்வத்துக்கு முன் மக்காவில் நடந்த ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கை. அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று குறைஷிக் குலத்தார் சிலர் செய்துகொண்ட ஒப்பந்தம். இஸ்லாம் வந்த பிறகும், அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்ற கருத்தில் அண்ணலார் அதைப் போற்றியிருக்கிறார்கள். பல சமயத்தாரோடு சேர்ந்து நீதிக்காக நிற்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உமர் (ரலி) அவர்கள் தமக்குப் பின் கலீஃபாவைத் தெரிவு செய்யும் பொறுப்பை ஆறு பேர் கொண்ட குழுவிடம் விட்டார்கள். அவர்களில் ஒருவரான அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மூன்று இரவுகள் சரியாக உறங்காமல் மதீனாவில் மக்களின் கருத்தைக் கேட்டறிந்ததை வரலாற்று நூல்கள் பேசுகின்றன. வீட்டுக்குள் இருந்த பெண்களின் கருத்தும் கேட்கப்பட்டதாக இப்னு கஸீர் குறிப்பிடுகிறார்கள். அன்று ஒருவர் வீடு தேடிச் சென்று கருத்துக் கேட்டார். இன்று நாம் நடந்துபோய்ச் சொல்லக்கூடிய தொலைவில் வாக்குச்சாவடி இருக்கிறது.

ஏமாற்றத்துக்கு என்ன மருந்து?

மனம் கசந்து ஒதுங்கியவர்களை நான் குறை கூறமாட்டேன். அவர்களின் கசப்புக்கு நியாயம் உண்டு. தேர்தலுக்கு முன் தொப்பி அணிந்து கஞ்சி குடிக்க வருபவர்கள், பிறகு ஐந்தாண்டு கண்ணில் படுவதில்லை. வேட்பாளர் பட்டியலில் நம் பிள்ளைகளைத் தேடினால் ஒன்றிரண்டு பேரே தென்படுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் நாம் நூற்றுக்கு 6 பேரினும் சற்றுக் குறைவு. "இந்த எண்ணிக்கையை வைத்து என்ன செய்ய?" என்று கேட்கத் தோன்றுவது இயல்பு.

இரண்டு எண்களை மட்டும் மனத்தில் வையுங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவை 49 வாக்குகள். 2021இல் சென்னை தியாகராய நகரில் 137 வாக்குகள். ஒரு ஜும்ஆவில் எங்கள் பள்ளியின் முதல் இரண்டு ஸஃப்புகளில் நிற்பவர்களே 49 பேருக்கு மேல் இருப்பார்கள்.

மாநில அரசியல் நமக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதும் முழு உண்மையன்று. 2007இல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. கல்லூரி விண்ணப்பத்தில் பி.சி.எம். என்று நம் பிள்ளைகள் குறிக்கும் அந்தக் கட்டம் வானத்திலிருந்து இறங்கவில்லை. மனுக் கொடுத்தவர்கள், மாநாடு கூட்டியவர்கள், சட்டமன்றத்தில் பேசியவர்கள், அவர்களை அங்கே அனுப்ப வரிசையில் நின்ற பெயர் தெரியாத தாய்மார்கள் எல்லாரும் சேர்ந்து பெற்றுத் தந்தது. என் மகன் அந்தக் கட்டத்தில் குறியிட்டுத்தான் கல்லூரியில் சேர்ந்தான்.

நிற்பவர் எவரும் பிடிக்கவில்லையா? 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அதைச் சொல்வதற்கும் இயந்திரத்தில் நோட்டா என்ற பொத்தான் வந்துவிட்டது. உங்கள் மறுப்பையாவது கணக்கில் ஏற்றுங்கள். வீட்டில் இருப்பவரின் மறுப்பும் அவரின் சோம்பலும் புள்ளிவிவரத்தில் ஒன்றாகவே எழுதப்படும்.

செய்யவேண்டியவை

2026 ஜனவரி 18 வரை கோரிக்கைகளும் ஆட்சேபங்களும் பெறப்படும் என்று அறிவிக்கப்பட்டது. குடும்பத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் அமர்ந்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் வாக்காளர் பட்டியலில் தேடுங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் பட்டியல் இருக்கும். பெயர் விடுபட்டிருந்தாலோ புதிதாகப் பதினெட்டு நிறைந்திருந்தாலோ ஆறாம் எண் படிவம். முகவரி மாற்றத்துக்கும் எழுத்துப் பிழைக்கும் எட்டாம் எண் படிவம். வளைகுடாவில் இருக்கும் இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் வெளிநாடு வாழ் வாக்காளராகச் சேர ஆறு-ஏ படிவம் உண்டு. வாக்களிக்க மட்டும் கடவுச்சீட்டோடு நேரில் வரவேண்டும். தேர்தலை ஒட்டி விடுப்பு எடுக்கக்கூடியவர்கள் முன்கூட்டியே திட்டமிடலாம்.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் நிர்வாகத் தேர்வு என்றால் மஹல்லா முழுவதும் திரள்கிறதே, அந்த உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்குத் திருப்புங்கள். எந்தக் கட்சிக்கும் பரிந்து பேசவேண்டாம். ஜும்ஆவுக்குப் பிறகு வாசலில் ஒரு மேசை, கணினி தெரிந்த இரண்டு மாணவர்கள், ஒரு கட்டுப் படிவம் போதும். பெண்கள் மதரஸாவிலும் அதே ஏற்பாடு வேண்டும். தனியாக வாழும் முதியவர்களின் வீட்டுக் கதவைத் தட்ட யாரையாவது நியமியுங்கள். அவர்கள் தாமாக வந்து கேட்கமாட்டார்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டச் சொன்ன நபியின் உம்மத்து நாம். முடிவு அவன் நாட்டம். கட்டவேண்டிய கயிறு நம் கையில் இருக்கிறது.

நீதிமிக்கவர்களை நமக்குப் பொறுப்பாளர்களாக்கி, நம் சாட்சியத்தை உண்மையானதாக ஏற்று, இந்த நாட்டில் எல்லா மக்களோடும் கண்ணியமாக வாழும் நற்பேற்றை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.